மிசாவோவின் கறுப்புக் காலுறை கம்பத்தில் ஏறிய விவரம்

இதாகுரா,
மார்ச் 3

மரியாதைக்குரிய மச்சான் கென்சாகு அவர்களுக்கு,

தலைதாழ்ந்த வணக்கம். சாதோ தீவில் கடல் அடங்கியிருக்கும், உங்கள் முழங்கால் வலி அதைவிட அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய உலர்ந்த கணவாய் மீன் வந்து சேர்ந்தது. பல் இருக்கும்வரை நன்றியோடு மெல்லுவோம். இங்கே நானும் உங்கள் தங்கை மிசாவோவும் நலம். நலமாக இருக்கும்போதே இந்தக் கடிதத்தை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

எங்கள் மாதிரி விமானச் சங்கத்தின் தலைவர் சுனாகா, தமக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்புகிற அத்தனை பேருக்கும் ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறார். அந்தப் பட்டியலில் நீங்களும் உண்டு என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. படத்தில் ஆற்றுப்படுகை, ஒரு நீளக் கம்பம், அதனடியில் தொப்பி போட்ட கிழவர்கள் பதினொரு பேர், உச்சியில் கறுப்பாக ஏதோ ஒன்று. கீழே ‘அராமகியின் மனைவியுடைய காலுறை’ என்று தம் அழகான கையெழுத்தில் எழுதியும் இருக்கிறாராம். மச்சான், அது உண்மைதான். ஆனால் நீங்கள் கோபத்தோடு கப்பலேறுவதற்கு முன் முழு விவரத்தையும் கேட்டுவிட வேண்டும்.

போன நவம்பரில் ஆரம்பித்தது. என் முப்பது வருஷச் சிநேகிதன் ஹகிவரா, நான்கு வருஷம் உட்கார்ந்து குச்சி குச்சியாக ஒட்டிச் செய்த இரட்டை இறக்கை விமானத்தை அன்றுதான் முதன்முதலாகப் பறக்கவிட்டான். நீங்கள் அதைப் பொம்மை என்பீர்கள். நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. ஹகிவராவுக்குக் கண் மங்கல். பக்கத்தில் நின்று காற்றடிக்கும் திசையைச் சொல்வது என் வேலை, ஏனென்றால் எந்த விமானத்தையும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் தரையிறக்க வேண்டும். “எங்கேருந்து வருது?” என்று கேட்டான். நான் கம்பத்தில் தொங்கிய, திசை காட்டும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பையைப் பார்த்து, “வடக்கேருந்து. தைரியமா எறக்கு” என்றேன். பையின் வால் ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டு எந்தக் காற்றுக்கும் ஒரே பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. காற்று அடித்தது தெற்கிலிருந்து. முதுகில் காற்று தள்ள, விமானம் தரையில் நிற்காமல் ஓடி, பக்கத்து வெங்காயத்தாள் வயலுக்குள் புகுந்து தூள்தூளாகிவிட்டது. ஹகிவரா துண்டுகளைக் காய்கறிக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டான். “நீ என்ன பண்ணுவ? பை சொன்னத நீ சொன்ன” என்றான். திட்டியிருந்தால் தேவலை. அதன் பிறகு மைதானத்துக்கே அவன் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் “குளிரா இருக்கு” என்பான். நானும் அவன் வீட்டைத் தாண்டும்போது சைக்கிள் மணியை அடிக்காமல் போக ஆரம்பித்தேன்.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். புதுக் காற்றுக்காட்டி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யாருக்கு என்று சுனாகா கேட்டார். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். “எதுக்கு யோசனை? எங்க வீட்டுப் பரண்ல துணி மீன் இருக்கு, கட்டுங்கய்யா” என்றார் சுனாகா. மே மாதம் ஆண் குழந்தை இருக்கிற வீட்டில் பறக்கவிடுகிற அந்தக் கெண்டை மீனை நாங்கள் டிசம்பரில் ஏற்றினோம். கெட்டித் துணி. எவனும் விமானத்தை எடுக்கத் துணியாத பேய்க்காற்று வந்தால்தான் அது வாலையே அசைத்தது. மற்ற நேரமெல்லாம் தூக்கில் தொங்கியது. இதற்குள் சுனாகாவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று ஊரில் செய்தி பரவி, மூன்று வீட்டிலிருந்து வாழ்த்துச் சொல்லிச் சிவப்புப் பயறுச் சோறு வந்துவிட்டது. அவருடைய மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. சோற்றைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சுனாகாவுக்கு அது உறைத்தது. மகள் டோக்கியோவிலிருந்து கூப்பிட்டுப் பேசியதை அவர் எங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை, காதை மட்டும் தடவிக்கொண்டார்.

சரி, முறைப்படியே செய்வோம் என்று நான் விலைப்பட்டியலைப் பார்த்து அசல் காற்றுப்பை ஒன்று வரவழைத்தேன். அளவைப் படிக்கும்போது மூக்குக்கண்ணாடி சமையலறையில் இருந்தது. வந்து இறங்கியது நிஜ விமான நிலையத்துக்கு ஆனது, ஆளே நுழைந்து படுக்கலாம். வந்ததை வீணாக்குவானேன் என்று ஏற்றினோம். ஜனவரியில் ஒரு காலை நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சத்தமே இல்லாமல் ஒரு பெரிய நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் வெப்பக்காற்றுப் பலூன்! கூடையோடு எங்கள் ஓடுபாதையில் உட்கார்ந்தேவிட்டது. கூடையிலிருந்து நான்கு பேர் இறங்கி வரிசையாகக் குனிந்து, “மன்னிக்கணுங்க. இவ்வளவு பெரிய காத்துப்பைய பார்த்ததும் போட்டியில எறங்க வேண்டிய எடம் இதுதான்னு நெனச்சுட்டோம்” என்றார்கள். நாங்களும் குனிந்தோம். அவர்கள் மறுபடி குனிந்தார்கள். இப்படியே பத்து நிமிஷம் போனது. அதற்குள் சாய்ந்த பலூன் துணி எங்கள் கம்பத்தில் சுற்றிக்கொண்டு அதை இரண்டாக ஒடித்துவிட்டது.

அன்று மிசாவோ எங்களுக்குச் சோற்றுருண்டை கொண்டுவந்திருந்தாள். ஒடிந்த கம்பத்தைச் சுற்றி நாங்கள் சண்டை போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏங்க, உங்க எல்லாருக்கும் கண்ணு தெரியுது. தெரியாதவர் ஹகிவரா அண்ணன். அவர யாராவது கேட்டீங்களா?” என்றாள். பதினொரு பேரும் சோற்றுருண்டையைப் பார்த்தோம். அவளே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் கதவைத் திறந்ததும், “அண்ணே, வானத்துல எந்த நிறம் வச்சா உங்க கண்ணுக்குத் தெரியும்?” என்று கேட்டிருக்கிறாள். அவன் வாசலுக்கு வந்து வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தானாம். பிறகு, “கறுப்பும்மா. ஆரஞ்சு எனக்கு என்னைக்குமே தெரிஞ்சதில்ல. வெக்கமா இருந்துச்சு, சொல்லல” என்றானாம்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து, சாவு வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு நைலான் காலுறையை எடுத்தாள். “இனிமே கொஞ்ச நாளைக்கு யாரும் சாகாம இருங்க” என்று சொல்லி ஒரு காலை வெட்டினாள். விரல் பக்கத்தையும் நறுக்கிவிட்டு, வாயில் பூவேலை வளையத்தைக் கோத்துத் தைத்தாள். நான் தடுக்கவில்லை, மச்சான். தடுத்து நான் ஜெயித்த நாள் எதுவும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். புதுக் கம்பத்தில் ஏற்றினோம். மூச்சு விட்டால் எழுந்தது, விட்ட மூச்சு நின்றால் விழுந்தது, ஆணி எதிலும் மாட்டாமல் நாலா பக்கமும் சுழன்றது. எழுபது வயதில், “கால் கிழக்கே போகுது!” என்று நடு மைதானத்தில் கத்துவதற்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஹகிவரா வந்தான். கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். பழக்கதோஷத்தில் நான் பக்கத்தில் போய் நின்று வாயைத் திறந்தேன். “வாய மூடுறா. நானே பார்க்கிறேன்” என்றான். கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தான். “வடமேற்கு. கொஞ்சம் சாஞ்சு அடிக்குது. சரியா?” என்றான். சரி என்றேன். எனக்கு அப்போது காலுறையும் தெரியவில்லை, கம்பமும் தெரியவில்லை. ஆற்றுப்படுகையில் தூசி அதிகம். அவன் விமானம் மூன்று தடவை குதித்து இறங்கி, ஓடுபாதையின் நடுவில் நின்றது. சுனாகாவின் புகைப்படம் அந்த நேரத்தில் எடுத்ததுதான். நாங்கள் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் வேறெதுவும் இல்லை.

ஆகவே மச்சான், உங்கள் தங்கையின் காலுறையை ஊர் பார்க்க உயரத்தில் ஏற்றியதற்கு என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் குடும்ப மானத்துக்கு எந்தக் குறையும் வராமல், தினமும் மாலையில் நானே இறக்கி, மடித்து, உறையில் போட்டு வைக்கிறேன். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வலையில் மீனும் முழங்காலில் பலமும் நிறையட்டும்.

என்றும் தங்கள் பணிவுள்ள,
அராமகி யோஷிரோ

பி.கு.: தபாலில் போடுமுன் மிசாவோவிடம் வாசித்துக் காட்டினேன். “எல்லாம் சரிதான். ஆனா அது என்னோடதுன்னு யார் சொன்னா?” என்றாள். போன வருஷம் சித்தப்பாவின் சாவுக்கு வந்தபோது அக்கா எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போனதாம். எனவே மேலே ‘உங்கள் தங்கையின் காலுறை’ என்று உள்ள இடத்தில் அருள்கூர்ந்து ‘உங்கள் மனைவியின்’ என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். மன்னிப்புக் கேட்ட இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கவும்.