இத்தாலிக் கரையில் எங்கள் பூர்வீக நிலம்

தண்டையார்பேட்டை,
5-5-1951

மாறாத அன்புக்குரிய மைத்துனர் ராசையா அவர்களுக்கு, தவசிமுத்து எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், நான் ஒருவன் நீங்கலாக. காரணம் உம்முடைய அக்காள் ஞானபாக்கியம்.

கப்பல் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குப் போகிறார் என்று பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மேசை வாங்கப்போன நான் ஒரு பெரிய படத்தோடு திரும்பினேன். இத்தாலி தேசத்து மத்தியதரைக் கடலோரமாம். மூலையில் 1867 என்று போட்டிருக்கிறது. கரடுமுரடான பாறைகள், அடியில் நீலக் கடல், உச்சியில் காற்றுக்கு வளைந்த ஒரு மரம், இரண்டு ஆடுகள். நல்ல படம் மச்சான், குறை சொல்லக்கூடாது. நம் மகள் ஞானசெல்வியைப் பெண் பார்க்க ராயபுரம் தேவப்பிரியம் குடும்பத்தார் வருகிறார்களே, பையனுக்குத் துறைமுகத்தில் பெரிய உத்தியோகமாமே என்று, கூடத்துச் சுவரில் மழை ஊறிய கறையை மறைத்து மாட்டினேன்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் தேவப்பிரியம் பெண்ணைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார். "இது எந்த எடம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உம்முடைய அக்காள் முந்திரிக்கொட்டை மாதிரி, "எல்லாம் எங்க பூர்வீக நெலந்தான், உடன்குடிக்குத் தெக்க" என்றுவிட்டாள். மனுஷர் விட்டாரா? "நம்ம பக்கத்து நெலங்கிறீய, ஒரு பனையக்கூடக் காணமே?" என்றார். "வரைஞ்சவன் வெள்ளக்காரன், விட்டுட்டான். அடுத்த தடவ வாங்க, சரிபண்ணி வைக்கேன்" என்று நானும் உளறித் தொலைத்தேன்.

மறுநாளே போர்டு எழுதும் ஜஹாங்கீரைக் கூட்டிவந்தேன். "இன்னா நைனா, சோக்கா கீற படத்த கலீஜ் பண்ண சொல்றியே" என்று தலையில் அடித்துக்கொண்டான். மூன்று பனை போதும் என்றுதான் சொன்னேன். "பச்ச பெயிண்டு மீந்து பூட்ச்சு நைனா, இன்னாத்துக்கு வேஸ்ட்டு?" என்று ஒரு தோப்பே வைத்துவிட்டான் பாவி! ஆடுகள் இரண்டும் அதற்குள் போனவை, இன்னும் வெளியே வரவில்லை.

மறுபடி வந்த தேவப்பிரியம் விரலை நீட்டிப் பனைகளை எண்ணினார். பிறகு காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "நகையெல்லாம் ஒங்க இஷ்டம். அந்தத் தோப்பப் பொண்ணு பேருக்கு எழுதிருங்க, போதும்" என்றார். இந்த மாதம் உங்கள் உடன்குடிக்கே வருகிறாராம், நிலத்தையும் பார்ப்பாராம். ஞானசெல்விக்குப் பையனைப் பிடித்துப்போய்விட்டது. இல்லாவிட்டால் படத்தைக் கழற்றி அவர் தலையிலேயே மாட்டியிருப்பேன். நிலம் இல்லையென்றால் கலியாணமும் இல்லை.

ஆகையால் மச்சான், கடலோரமாக நாலு பாறை கிடக்கிற புறம்போக்கு எதையாவது பார்த்து, பக்கத்தில் நின்று, "இதுதான் அத்தான் நெலம்" என்று கூசாமல் சொல்லிவிடும். பனை குறைந்தால் புயல்மேல் பழியைப் போடும். வீட்டில் அனைவருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். பிள்ளைகளை ஆண்டவர் பொய் சொல்லாதவர்களாக வளர்ப்பாராக.

உம்மையே மலைபோல் நம்பியிருக்கும்,
தவசிமுத்து

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டேன். அதற்குள் தேவப்பிரியம் ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டார். நிலத்தை நேரில் பார்த்தாராம், பரம திருப்தியாம். படத்தில் இருப்பதைவிடப் பாறை பெரிசாம்; அதன்மேல் உட்கார்ந்து பதநீர்கூடக் குடித்தாராம். பாறை ஒன்றும் தேட வேண்டாம். மகன் துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் என்று இந்த மனுஷர் சொன்னதை நம்பித்தானே மச்சான், நான் இத்தனை பொய்யும் சொன்னேன்!