படிக்கட்டுக்கு அடியில் ஒரு சர்வர்

"பத்து நிமிஷ வேலைன்னீங்களே?" என்று மனைவி மறுபடியும் எட்டிப் பார்த்தாள்.

"ஆயிடுச்சும்மா, இதோ வந்துடும்" என்றார் பல் டாக்டர், நாற்காலியில் நடுங்கும் நோயாளிகளிடம் சொல்லும் அதே குரலில்.

லேப்டாப்பில் பாதி தூரம் ஓடிய பச்சைக் கோடு அப்படியே நின்றிருந்தது. வீட்டு சர்வரின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புது வெர்ஷனுக்கு மாற்றச் சொல்லி அவரை யாரும் கெஞ்சவில்லை. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் அந்த ஒரே பெட்டியில் இருந்தன. எல்லோருடைய போனிலிருந்தும் அவற்றை அழிக்கச் சொன்ன மகானும் இவரேதான்.

"நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்கு நோண்டினீங்க?"

"பழைய வெர்ஷனுக்கு இனிமே பாதுகாப்பு கிடையாதாம்."

"இப்ப உங்களுக்கும் கிடையாது. சாயங்காலம் அக்கா வர்றா. பாப்பா முதல்முதல்ல நடந்த வீடியோ இல்லேன்னா, நானும் பாப்பாவும் அவகூடவே கிளம்பிடுவோம்."

டாக்டர் விழுந்தடித்துக்கொண்டு, சர்வரை வைத்திருந்த பொதுப் படிக்கட்டுக்கு ஓடினார். அதன் அடியில், வயர்க் குப்பைக்கு நடுவே, கறுப்புப் பெட்டி ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டார். லேப்டாப் அசைந்து கொடுக்கவில்லை. எல்லா வயரையும் பிடுங்கி மாற்றிச் செருகினார். சிமிட்டிய கண்ணும் மூடிக்கொண்டது.

மேல் மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "டாக்டர், என் கேமரா படமெல்லாம் திடீர்னு இருட்டாயிடுச்சு. கேமரா மாட்டினவங்க அதோட பெட்டியை எங்கே வச்சுத் தொலைச்சாங்கன்னும் தெரியல. கொஞ்சம் பார்க்கறீங்களா?"

"முதல்ல இது சார். டார்ச்சைப் பிடிங்க."

தூசு போக ஹேர் டிரையரால் ஊதினார். கருகிய நாற்றம் வந்தது. இனி திறக்காமல் முடியாது என்று முடிவு செய்தார். வீட்டுக்காரர் ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் பத்திரமாக வாங்கிக்கொண்டார்.

"உள்ள ஏதோ ஆடுதே டாக்டர்?"

"ஆடினா எடுத்துட வேண்டியதுதான். கொஞ்சம்கூட வலிக்காது" என்று பழக்கதோஷத்தில் சொல்லி இழுத்தார். படக்கென்று பச்சைத் தகடு பாதி கையோடு வந்துவிட்டது.

பின்னால் மனைவி நின்றிருந்தாள். டாக்டர் தகட்டை அவளிடம் நீட்டினார்.

"போயிடுச்சும்மா. பாப்பா நடந்தது, விழுந்தது, எல்லாமே போச்சு. என்னாலதான்." உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

திட்ட வந்தவள் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். வீட்டுக்காரர் டார்ச்சை அணைக்காமலே அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"மனசைத் தளர விடாதீங்க டாக்டர். பெட்டிதானே, வேற வாங்கிக்கலாம்."

சத்தம் கேட்டு மாமியார் காலைத் தேய்த்தபடி வெளியே வந்தார்.

"மாப்பிள்ளை, உங்க சர்வர் கதகதன்னு இருக்கே, என் கால் வலிக்கு இதமா இருக்கும்னு போன வாரமே எலக்ட்ரீஷியனை விட்டு என் கட்டிலுக்கு அடியில மாத்திட்டேன். இன்னிக்கு என்னவோ ஒரேயடியா கத்துச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டேன். ஆமா, நீங்க ரெண்டு பேரும் யாரோட பெட்டியைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"