ஆறரை மணி அணுகுண்டு

எதைக் கண்டாலும் எண்ணிவிடுகிற வியாதி எனக்கு உண்டு. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் அச்சான தாள்களை எண்ணிக் கட்டுகிற பிரிவில் மேற்பார்வையாளனாக இருந்ததால் வந்தது. ஓய்வு பெற்றேன், வியாதி ஓய்வு பெறவில்லை. மனைவி இறந்து, மகள் கல்யாணமாகி பூனாவுக்குப் போன பிறகு அது முற்றிவிட்டது. வாசலிலிருந்து அடுப்படிக்குப் பதினேழு எட்டு. ஒரு நாளில் நான் மற்றவர்களோடு பேசுகிற வாக்கியங்கள் சராசரியாக ஆறு. (பால்காரரிடம் இரண்டு. மீதி நான்கு, எதிர்வீட்டுக் கிரேஸம்மா தெருவில் அகப்பட்டால்தான்.)

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த வருஷங்களில் நடந்தது இது. கிரேஸம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுக்கும் குழு ஒன்றை நடத்தி வந்தார். தீபாவளிக்கு முன்பே பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிவிடுவார். ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதில் உள்ளதை வாங்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் யாரென்று பிள்ளைக்குத் தெரியக் கூடாது. விழாவுக்கும் வரக் கூடாது.

"அண்ணாச்சி, ஒண்ணு எடுங்க" என்று டிசம்பர் தொடக்கத்தில் டப்பாவை நீட்டினார். எடுத்தேன்.

"மாரீஸ்வரி, 10 வயது. அலாரம் வைத்த டைம்பீஸ். அம்மா பட்டாசு கம்பெனி வேன் ஏறிய பிறகு நான் மறுபடியும் தூங்கிவிடுகிறேன். காலாண்டில் கணக்குப் பரீட்சைக்குப் போகவில்லை."

இருபது வார்த்தைக்குள் இவ்வளவு விவரமாக எழுதுகிற பிள்ளை, பரீட்சை அன்று தூங்குவதா! என் கவலைகளின் வரிசையில் மாரீஸ்வரி முதலிடத்துக்கு வந்துவிட்டாள்.

மூன்று கடை ஏறி, பதினான்கு டைம்பீஸைக் காதில் வைத்துக் கேட்டு, சாவி கொடுக்கிற ஒன்றை வாங்கினேன். இரண்டு நாள் ஓடவிட்டுச் சோதித்தேன். பிள்ளைக்குத் திருகத் தெரியுமோ தெரியாதோ என்று விழா அன்று மத்தியானம் நானே முழுச் சாவி கொடுத்து, அலாரத்தையும் காலை ஆறரைக்கு வைத்தேன். (அந்த முள்ளுக்குக் காலை, மாலை என்ற பேதம் கிடையாது என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.)

அடுத்து, சுற்றுவதற்குத் தாள். எங்கள் ஊரில் தாளைக் காசு கொடுத்து வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அச்சகத்தில் வண்ணம் விலகிக் கழித்துப் போட்ட தாள் எல்லா வீட்டிலும் இருக்கும். என்னிடம் நாற்பத்து மூன்று இருந்தன. அதில் நல்ல பளபளப்பு, நல்ல சிவப்பு, அரை நூல் விலகல் மட்டுமே உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மடிப்புக் கலையாமல் சுற்றிக் கிரேஸம்மா வீட்டில் கொடுத்தேன். அவர் இல்லை. வாசலில் வேலையாக இருந்த பெண், நான் வாய் திறப்பதற்குள் வாங்கிப் பரிசு மூட்டையில் போட்டுவிட்டாள்.

முப்பத்தொரு வருஷம் தாளை எண்ணியவனுக்கு, அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்கிற பழக்கம் போய்விடும். இதை என் தரப்பு வாதமாகப் பதிவு செய்கிறேன்.

விழாவுக்குப் போகக் கூடாதுதான். ஆனால் அன்று சாயங்காலம் வரைக்கும் என் வாக்கியக் கணக்கு இரண்டிலேயே நின்றது. அந்தப் பிள்ளை பிரித்துப் பார்க்கும்போது முகம் எப்படிப் போகும் என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போய், கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அறுபத்து நான்கு நாற்காலி. எல்லாம் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்க்கும் குடும்பங்கள். மேடையில் கிறிஸ்துமஸ் மரம், அதன் அடியில் பரிசுகள்.

ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது மரத்தடியில் 'கிர்ர்ர்' என்று சத்தம் கிளம்பியது. மணி ஆறரை.

முன்வரிசையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து அலறினார்: "ஏலே, அணுகுண்டுலே! எந்திரிச்சு ஓடுங்க!"

அப்போதுதான் படித்தேன். என் சிவப்புத் தாள், அணுகுண்டு வெடியின் லேபிள் தாள். பொட்டலத்தின் ஆறு பக்கமும் 'அணுகுண்டு', 'அணுகுண்டு', கீழே 'தள்ளி நின்று பற்ற வைக்கவும்'.

ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் முதலில் ஓடுவார்கள். என்ன ஏது என்பதெல்லாம் பிறகுதான். பதினொரு விநாடியில் கூடம் காலி. சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் மட்டும் வெளியே போகிற போக்கில் தீயணைப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, மொத்தத் தண்ணீரையும் பொட்டலத்தின் தலையில் கவிழ்த்தாள். அது இரண்டு முறை விக்கிவிட்டு அடங்கியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலியான அறுபத்து மூன்று நாற்காலிகளுக்குப் பின்னால் நான் மட்டும் கடிகாரம்தானே என்ற தெளிவில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இங்கன ஒரு ஆளு ஓடாம இருக்காரு பாருங்க! இவருதேன் வச்சிருக்காரு!"

ஜன்னல் பூராவும் தலைகள். கிரேஸம்மா கையை உதறிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி! குடுத்தவுக வரக்கூடாதுன்னு சொன்னேம்ல? வந்ததும் வந்தீக, குண்டோடயா வரணும்?"

ஈரத்தாளைப் பிரித்ததும் டைம்பீஸ் வெளியே வந்தது. கூடவே, தாளின் அடிப்பக்கம் நான் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டும். சேலைக்காரி அதைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள். அவள் பாண்டியம்மாள்; மாரீஸ்வரியின் அம்மா. தன் பிள்ளைக்கு வந்த பரிசைத் தானே மூழ்கடித்திருந்தாள்.

இரட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை வந்து அதை எடுத்துக் குலுக்கிக் காதில் வைத்தது. "ஓடலம்மா. நாளைக்குக் கணக்குப் பரீட்ச."



"நாளைக்கே வேற ஒண்ணு வாங்கித் தாரேன்" என்றேன். என் அன்றைய மூன்றாவது வாக்கியம்.

"அய்யோ வேணாம் சார். அடுத்த குண்டுக்கு எங்கிட்ட தண்ணி இல்ல" என்றாள் பாண்டியம்மாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "போனசுல ஒரு செல்லு வாங்கியிருக்கேன். கம்பெனிக்குள்ள கொண்டுபோக விடமாட்டாக, வீட்டுலதேன் கெடக்கும். ஆறரைக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்து இவள எழுப்பி விடுவீகளா?"

மூன்று தடவை மணியடித்ததும் நான் நிறுத்திவிட வேண்டும், எழுந்துவிட்டால் மாரீஸ்வரி ஒரு மிஸ்டு கால் திருப்பித் தர வேண்டும் என்று பேசி முடித்தோம். மறுநாள் நான் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து காத்திருந்தேன். ஆறரைக்குக் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடியும் கொடுத்தேன். நான்காவது தடவை அவளே எடுத்துவிட்டாள். "சார், பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கேன்!"

கணக்கில் எண்பத்தேழு. பரீட்சை முடிகிற வரைக்கும் என்றுதான் பேச்சு. எந்தப் பரீட்சை என்று யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் போனது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று அம்மாவும் மகளும் சேவு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வாரம்தான் ஊருக்கு வந்திருந்த என் மகள், செல்போனிலேயே அலாரம் உண்டு என்று எனக்குக் காட்டியிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, உங்க செல்லுலயும் அது இருந்திருக்குமே?"

"இருந்துச்சு சார். ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள் மாரீஸ்வரி.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அலாரம் எந்திரிச்சியா, எந்திரிச்சியான்னு நாலு தடவ கேக்குமா?" என்றவள், சேவுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "அதுவுமில்லாம, நான் திருப்பிக் குடுக்காட்டி நீங்க அங்கன ஒத்தையில ஒக்காந்து தவிப்பீகளே."

அவள் இப்போது மதுரையில் நர்ஸ். ஏற்பாடு தலைகீழாகிவிட்டது, ஆறரைக்கு மிஸ்டு கால் அங்கிருந்து வருகிறது, நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்ததில் தவறவிட்டேன். மாரீஸ்வரி போன் செய்து சொல்ல, நான்கு நிமிஷத்தில் கிரேஸம்மா வந்து கதவை இடித்துவிட்டார். விஷயம் பூனா வரை போய், மகள் கூப்பிட்டு, "என்னப்பா, குண்டு நனைஞ்சு போச்சா?" என்றாள். இன்றைக்கும் நான் போன் எடுக்கத் தாமதித்தால் எங்கள் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

இன்று காலை ஆறரைக்கும் போன் மூன்று தடவை மணியடித்தது. துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து திருப்பிக் கொடுத்தேன்.