ஏரியின் பெயரைக் கேளாமல் என் மீனை ஏற்குமாறு வேண்டுதல்

பெருமதிப்பிற்குரிய கொழுந்தனாரும் நம் ஊர் வார இதழின் ஆசிரியருமான வெண்டல் அவர்களுக்கு, அண்ணி ஆர்டிஸ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அண்ணன் எம்மெட்டும் நலம். எங்கள் மலைப் பயணங்களில் சுமை தூக்கும் லாமா என்னும் ஒட்டக இன விலங்கு, நாங்கள் 'செனட்டர்' என்று பெயரிட்டது, அதுவும் நலம். தங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

தங்கள் இதழின் 'ஆண்டின் பெருமீன்' போட்டிக்கு, இருபத்தோரு அங்குலப் பொன் ட்ரவுட் மீன் ஒன்றின் புகைப்படத்தை அளவு நாடாவுடன் அனுப்பியிருந்தேன். படிவத்தில் 'பிடித்த ஏரி' என்னும் கட்டம் காலியாக இருப்பதால் மீனை ஏற்க இயலாது என்று பதில் வந்திருக்கிறது. முப்பதாண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். கற்றதெல்லாம் நூலகத்தில் நானாகக் கற்றது. எனினும் படிவம் நிரப்பத் தெரியாதவள் அல்லேன். பெயரை எழுதினால் அடுத்த சனிக்கிழமைக்குள் அந்தக் கரையில் நாற்பது கூடாரங்கள் முளைக்கும்; மறு கோடையில் மீன் இராது. வேறொரு பெயரை எழுதினால் அது பொய். நான் பொய்க்குக் கையொப்பம் இடுவதில்லை. ஆகவே, கட்டத்தைக் காலியாக விட்டே என் மீனை ஏற்க வேண்டுகிறேன். இல்லையேல் ஒன்பதாண்டுகளாக வென்றுவரும் ஓர்வில் ராஸ்முசன், பத்தொன்பது அங்குல மீனை வைத்துக்கொண்டு பத்தாம் முறையும் வெல்வார்.

இம்மீன் எளிதில் வந்ததென்று எண்ண வேண்டாம். ஓர்வில் ஆண்டுதோறும் தம் படிவத்தில் 'டோபின் ஏரி' என்று எழுத, அதை நம்பி நாங்கள் எட்டுக் கோடைகள் டோபினுக்கு ஏறி, எட்டு முறையும் கொசுக்கடியோடு மட்டும் இறங்கி, குறை என் கைத்திறனில்தான் என்று குளிர்காலம் முழுவதும் தூண்டிலுக்குப் போலிப் பூச்சி கட்டும் கலையைப் படித்துத் தேர்ந்து, ஒன்பதாம் முறையாக இந்த ஜூலையில் புறப்பட்டால், பாதை பிரியும் இடத்தில் செனட்டர் மூட்டைகளோடு உட்கார்ந்துவிட்டது.

"ஏங்க, அத எழுப்புங்க."

"நீயே எழுப்பு. என் மூஞ்சில ரெண்டு தடவ துப்பிருச்சு."

"இழுத்தா வரும்."

"டோபினுக்கு வராதும்மா. எட்டு வருஷமா ஒன்னும் கெடைக்காத எடத்துக்கு எதுக்குப் போகணும்னு கேக்குது. ஒன்னவிட அதுக்கு வெவரம் ஜாஸ்தி."

கயிற்றை விட்டதும் அது தானாக எழுந்து மற்றப் பாதையில் நடந்தது. அது எந்தத் திசை என்று தாங்கள் கேட்கலாகாது. பின்தொடர்ந்தோம். ஓடையைக் கடக்கையில் அது படுத்துப் புரள, நான் குளிர்காலமெல்லாம் கட்டிய பூச்சிகள் பெட்டியோடு தண்ணீரில் போயின. நண்பகலில் ஆலங்கட்டி மழை கொட்ட, கூடாரத்தை விரித்தால் கம்பிகளைக் காணோம், கேட்டால் "நீ எடுத்து வச்சேன்னு நெனச்சேன்" என்கிறார் தங்கள் அண்ணன். பதினோராயிரம் அடி உயரத்தில், பனிக்கட்டி இன்னும் மிதந்துகொண்டிருந்த ஓர் ஏரிக்கரையில் வழுக்கி விழுந்ததில் தூண்டில் கோலின் நுனி ஒடிய, அதைக் காயத்துக்குக் கட்டும் துணியால் கட்டி, தொப்பியில் குத்தியிருந்த ஒரே வெறும் முள்ளில் செனட்டரின் கழுத்து மயிரைச் சுற்றி ஒரு பூச்சி செய்து வீசினேன். தண்ணீர் சுழித்தது.

"ஏங்க! வலையக் கொண்டாங்க!"

"எந்த வலை?"

அவர் தொப்பியில்தான் மீனை அள்ளினோம். அதன் வயிறு அடுப்புத் தணல் போலச் சிவந்திருந்தது. இப்படிப் பெற்ற மீனை ஒரு காலிக் கட்டம் தடுப்பது முறையா என்பதைத் தங்கள் நீதியுணர்வுக்கே விடுகிறேன்.

தங்கள் இல்லத்தார் அனைவரும் நோயற்று வாழவும், இதழ் புதன்தோறும் தவறாது வெளிவரவும் வாழ்த்தி அமையும்,

தங்கள் அண்ணி,
ஆர்டிஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஓர்வில் வந்தார். சமையலறை மேசையில் கிடந்த புகைப்படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வயிறு இவ்வளவு செவப்பா வர்றது ஒரே ஒரு தண்ணியிலதான் ஆர்டிஸ். அங்கதான் ஒன்பது வருஷமா நானும் புடிக்கிறேன்."

"அப்ப டோபின் ஏரி?"

"டோபின்ல ஏது மீனு? தவளகூடக் கெடையாது."

"எட்டு வருஷம் ஏறுனோம், ஓர்வில்!"

"தெரியும். வழியில எனக்குக் கையாட்டிட்டுத்தான போவீங்க."

அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். பிறகு திறந்து, காப்பி கொடுத்தேன்.

"பேரு போடாம விட்டா ஊரே கெளம்பித் தேடும். பொய்ப் பேரப் போடு, டோபினுக்குப் போயிட்டு அமைதியாத் திரும்பி வந்துருவாங்க. பரிசு ஒனக்கு, ஏரி ரெண்டு பேருக்கும்" என்றார். கோப்பையை நகர்த்திவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

ஆகவே புதிய படிவம் இணைத்துள்ளேன். இத்தனை பக்கம் கைப்பட எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் கடிதத்தையும் அனுப்புகிறேன். அதை அடுப்பில் போட்டுவிட்டு, படிவத்தை மட்டும் இதழில் போடவும். கட்டத்தை நிரப்பிவிட்டேன். எழுதியிருப்பது முழுப் பொய்; ஆயினும் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.