ஞானக்கண்ணும் ஓசிக் கடற்பாசியும்

பிற்பகல் இரண்டு மணி அடித்தால் ஷின்யிங் சந்தையில் பன்றிக்கறி வெட்டும் சத்தம் நின்றுவிடும். பன்றிகளின் மேல் திடீரென்று பொங்கிய கருணை அல்ல காரணம். குரு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

குரு நேரில் வருவதில்லை. கறிக்கடைக்காரி யூலியெனின் கைப்பேசியில் வருவார். தராசின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு பெண்கள் பிளாஸ்டிக் முக்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். மீன் உருண்டை விற்கும் பாவ்ஜூவுக்கு எப்போதும் முன்வரிசைதான். மற்றவர்களுக்கு முன்னால் கடையைக் கழுவிவிடும் சுறுசுறுப்பு அவளுக்கு உண்டு.

ஞானக்கண் குரு ஷுவான்மிங் என்பது அவருடைய முழுப் பெயர். வெள்ளைப் பட்டுச் சட்டை, கழுத்தில் சந்தனமணி மாலை, முன்னால் முட்டை வடிவத்தில் ஒரு நீலப் பளிங்கு. முதுகுக்குப் பின்னால் மேகங்கள் நகரும். ஒரே மேகம் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும் வரும். அதை யாரும் கவனிப்பதில்லை. எந்நேரமும் மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'நன்றி குருவே', 'நன்றி குருவே' என்று பின்னூட்டங்கள் மேலேறிக்கொண்டே இருக்கும். உங்களைப் பார்த்ததும் என் வீட்டு வைஃபை சரியாகிவிட்டது என்றுகூட ஒரு பக்தர் எழுதியிருந்தார்.

குருவின் அருள் கிடைக்க விதி ஒன்று இருந்தது. முந்தின நாளே சொந்த முகநூல் கணக்கிலிருந்து பின்னூட்டத்தில் பெயரை எழுத வேண்டும். வானுலகக் கோப்பறையிலிருந்து அவரவர் கோப்பை எடுத்து வர ஒரு நாள் பிடிக்குமாம். மேலேயும் அரசாங்க அலுவலகம்தான் போலிருக்கிறது.

திங்கட்கிழமை பாவ்ஜூவின் கோப்பு வந்துவிட்டது.

"பாவ்ஜூ அம்மா, லைன்ல இருக்கீங்களா?" குரு கண்ணை மூடிக்கொண்டார். "உருண்டை உருண்டையா என்னமோ தெரியுது. வெள்ளையா... மீன் வாசனை வருது."

"ஐயோ!" என்றாள் பாவ்ஜூ.

"பாலத்துக்குப் பக்கத்துல ஒரு வாத்துக்கறிக் கடை. நாலு பொம்பளைங்க. மேசையில ஒரு தட்டு கடற்பாசி."

நான்கில் ஒருத்தி யூலியென். அவள் முக்காலியிலேயே துள்ளினாள். "அக்கா, அது நாமதான்!"

"வீட்டுல ஒரு கண்ணு வலியில கிடக்கு. வலது கண்ணு." பாவ்ஜூ வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க மாமியாரையும் பார்க்கிறேன். இப்பத்தான் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பன்றிக்கால் சேமியா சாப்பிட்டாங்க. நூறு வயசு இருப்பாங்க."

இந்த இடத்தில் பாவ்ஜூ ஒரு கணம் விழித்தாள். ஆனால் குரு விழிப்பதற்கு நேரம் கொடுக்கிற ஆள் இல்லை.

"இது ஏழாம் மாசம்மா! நரக வாசல் திறந்து கிடக்கு. ஒரு பெண் பேய் உன் புருஷன் இமை மேல உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டு இருக்கு. கத்தி பட்டு ரத்த வாசனை வந்துதோ, அவ்வளவுதான். ஆபரேஷனை நிறுத்து. இந்தப் பளிங்கைத் தண்ணியில போட்டு நாற்பத்தொன்பது நாள் கண்ணைக் கழுவு. விலை ஆறாயிரத்து எண்ணூறுதான்."

சந்தையே விசும்பியது. பேய் கால் ஆட்டுகிறது என்று கேட்ட பிறகு யாரால்தான் அழாமல் இருக்க முடியும்?

பாவ்ஜூ முட்டாள் இல்லை. அவளுடைய அக்கா இருபது வருடத்துக்கு முன் ஓர் ஏழாம் மாதத்தில் குடல் அறுவைக்குப் போனாள், திரும்பவே இல்லை. அந்தப் பயம் பாவ்ஜூவின் வயிற்றிலேயே தங்கிவிட்டது. பயந்தவளைப் பிடிப்பது வலை போட்டு மீன் பிடிப்பதைவிடச் சுலபம். மீன்காரியான அவளுக்கே இது தோன்றாமல் போனதுதான் பரிதாபம்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே கண் மருத்துவமனைக்குப் போன் செய்து, வியாழக்கிழமை ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். புதன்கிழமை சாயங்காலம் வரை தேதியைப் பிடித்து வைப்போம், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

அவள் கணவன் ஜின்ஃபா முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். கண்ணில் அழுத்தம். இடது கண்ணை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டே இழந்தாயிற்று. வலது கண்ணில் சாவித்துவாரம் அளவுக்கு உலகம் மிச்சம் இருந்தது. அதுவும் போனால் வராது, ஒரு மாதம்கூடத் தள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமைக்கே இடம் கிடைத்ததற்கும் ஏழாம் மாதம்தான் காரணம். ஊரே பேய்க்குப் பயந்து ஒத்திப்போட்டதில் அறுவை அறை காலியாகக் கிடந்தது.

"கிழட்டுக் குரங்கே, வியாழக்கிழமை நீ போகக் கூடாது" என்றாள் பாவ்ஜூ. ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

ஜின்ஃபா டீயைக் கீழே வைத்தார். "நல்ல அண்ணன் தம்பிங்கன்னு மரியாதை கொடுத்து, பேய்ங்களுக்கு வாசல்ல பிஸ்கட் வைக்கிறேனா இல்லையா? பியர்கூட வைக்கிறேன். பேய்க்குப் பிஸ்கட் வைக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல பாவ்ஜூ. என் கண்ணை வைக்க முடியாது."

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே! கடற்பாசி முதற்கொண்டு!"

"எங்கம்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாள்னா சொன்னான்?"

"ஆமா."

"அவங்க செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு."

"மேலுலகத்துல கொண்டாடியிருப்பாங்க!"

"மேலுலகத்துல பன்றிக்கால் சேமியா யாரு செஞ்சு போட்டா?"

பாவ்ஜூ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு மெல்ல உண்மையைக் கக்கினாள். கண் மருத்துவமனைக்கு எதிரே உள்ள சேமியாக் கடையில், வீட்டுப் பெரியவர் பிறந்தநாளுக்கு இங்கே வந்திருக்கிறோம் என்று முகநூலில் எழுதி செக்-இன் போட்டால் பன்றிக்கால் ஒரு தட்டு இலவசம். அதனால் போட்டாள்.

"ஓசித் தட்டுக்காக எங்கம்மாவை உயிரோட எழுப்பிட்டியா?"

"அவங்களுக்குப் பிடிச்ச சாப்பாடுதானே!"

"அப்ப அவங்க பங்கு எங்க?"

"நான்தான் சாப்பிட்டேன்."

ஜின்ஃபா கைப்பேசியை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, வலது கண்ணுக்கு ஒட்டப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தை உருட்டினார். உருட்டினார், உருட்டிக்கொண்டே இருந்தார். செக்-இன் போட்டால் ஒரு தட்டு இலவசம் என்று எந்தக் கடை பலகை மாட்டினாலும் பாவ்ஜூ விட்டதில்லை. வாத்துக்கறிக் கடையில் கடற்பாசி, நூடுல்ஸ் கடையில் அவித்த டோஃபு, அதே சேமியாக் கடையில் இன்னொரு நாள் 'என் கிழவனுக்கு வலது கண் ஆபரேஷன், மாத்சு தாயே காப்பாத்து' என்ற வேண்டுதலோடு முட்டை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் குட்டி உலக உருண்டைப் படம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அர்த்தம். உருண்டை இல்லாவிட்டால் பரிமாறுகிறவன் தட்டை வைக்க மாட்டான்.

"வானுலகக் கோப்பறை இதுதான்" என்றார் ஜின்ஃபா.

பாவ்ஜூவுக்குக் கோபம் வந்தது. "உனக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது!"

"சரி, சோதிச்சுப் பாரு. நாளைக்கு உன் பக்கத்துல ஒரு பொய் எழுது. புதன்கிழமை அவன்கிட்ட கேளு. அது பொய்னு அவன் கண்டுபிடிச்சிட்டா, ஆபரேஷன் வேண்டாம், நான் அவன் கால்ல விழறேன். இல்லேன்னா நீயே என்னை ஸ்கூட்டர்ல ஏத்திக் கூட்டிட்டுப் போகணும்."

பாவ்ஜூ ஒப்புக்கொண்டாள். மனதுக்குள் குருதான் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் பக்கத்தில் இப்படி ஓர் இரங்கல் செய்தி வந்தது: 'முப்பது வருடம் எங்களோடு வாழ்ந்த ஆமை, எங்கள் சேனாபதி, இன்று போய்விட்டது. கொல்லையில் கொய்யா மரத்தடியில் புதைத்தோம்.' அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. கொல்லையும் கிடையாது, கொய்யாவும் கிடையாது. ஆமை அவர்கள் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை.

ஒரு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று அழுமூஞ்சிகள் வந்து குவிந்தன. சின்ன வயதில் அந்த ஆமை என் விரலைக் கடித்தது, இன்னும் தழும்பு இருக்கிறது என்று ஜின்ஃபாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உருகி எழுதியிருந்தான்.

"பார்த்தியா? குருவே தேவலாம்" என்றார் ஜின்ஃபா.

பிறகு குருவின் பக்கத்தில், 'ஒரு பளிங்கு வாங்கவா, இரண்டு வாங்கவா, வழி காட்டுங்கள்' என்று பாவ்ஜூ தன் பெயரோடு எழுதினாள். இதற்கு மட்டும் வானுலகத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. நாளைக்கு முதலாவது அழைப்பு உங்களுக்குத்தான்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு ஜின்ஃபா சந்தைக்கு வந்தார். கையில் மூடி போட்ட ஓர் அலுமினியப் பானை. அதை அவரே கொண்டு வந்திருந்தார், பாவ்ஜூவுக்குக்கூட உள்ளே என்ன என்று சொல்லவில்லை. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். இமையில் உட்கார்ந்திருக்கும் பேய் தங்கள் மேல் தாவிவிடுமோ என்று கொஞ்சம் அதிகமாகவே நகர்ந்தார்கள். யூலியெனின் கைப்பேசியில் ஒளிபரப்பு ஓடியது. பாவ்ஜூ தன் கைப்பேசியில் வீடியோ அழைப்பில் சேர்ந்தாள்.

குரு கண்ணை மூடினார். திடீரென்று அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"பாவ்ஜூ அம்மா... ஒரு ஜீவன் என் முன்னால நின்னு அழுது. நாலு காலு. முதுகுல ஓடு."

"நன்றி குருவே!" என்று பின்னூட்டங்கள் பொங்கின.

"கொய்யா மரம் தெரியுது. அவசரமாப் புதைச்சிட்டீங்க, ஒரு ஊதுபத்தி வைக்கல. சேனாபதிக்குக் கோபம்! தன் ஓட்டைத் தூக்கி உங்க வீட்டுக்காரர் கண்ணு மேல வச்சு அழுத்துது. கண்ணுல அழுத்தம்னு டாக்டர் சொன்னாரே, அது வேற ஒண்ணும் இல்ல, இந்த ஓடுதான்! ரெண்டு பளிங்கு பத்தாது. மூணு வேணும்."

யூலியென் மூக்கைச் சிந்தினாள். பாவ்ஜூ சிந்தவில்லை. அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கி, பிறகு இரண்டு மடங்காக ஏறியது.

"குருவே," என்றாள் மெதுவாக, "நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. ஆமை நிக்குதா?"

"இதோ, கைக்கெட்டுற தூரத்துல."

"என் அக்காவும் ஏழாம் மாசம்தான் போனா. அவளைத் தெரியுதா? அவ பேரைச் சொல்லுங்க."

குரு தொண்டையைச் செருமினார். அக்காவைப் பற்றிப் பாவ்ஜூ எங்கேயும் எழுதியதில்லை. எழுத அவளுக்கு மனம் வந்ததில்லை.

"அக்கா... ஆமைக்குப் பின்னால... மறைவா நிக்கிறாங்க."

ஜின்ஃபா பானையைத் திரைக்கு முன்னால் நகர்த்தினார். "அக்காவை விடுங்க குருவே, தொந்தரவு பண்ண வேண்டாம். முப்பது வருஷத்து ஆமை தெரியுதே, இந்தப் பானைக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க. வெறும் அலுமினிய மூடிதான்."

"ஞானக்கண் விளையாட்டுக்கு இல்ல!"

"என் கண்ணு மட்டும் விளையாட்டுக்கா?"

அதற்குள் பாவ்ஜூ வெடித்துவிட்டாள். மீன் ஏலத்தில் முப்பது வருடம் பழகிய தொண்டை அது. "யோவ்! ஆமையே கிடையாதுய்யா! மரமும் கிடையாது! நான் இருக்கிறது மூணாவது மாடி! அது நேத்து நான் எழுதின பொய்யி! செத்த மாமியாருக்கு நூறு வயசு கொடுத்தியே, அதுவும் என் பொய்தான்! நான் எழுதினதை எனக்கே படிச்சுக் காட்டி, என் புருஷன் கண்ணைப் பிடுங்கப் பார்த்தியா?"

அவள் கைப்பேசித் திரை கறுத்தது. இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். ஆனால் யூலியெனின் கைப்பேசியில் குரு இன்னும் இருந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒரு துஷ்ட சக்தி லைனுக்குள்ள புகுந்துடுச்சு" என்றார். 'நன்றி குருவே' என்று இரண்டு பேர் எழுதினார்கள். மூன்றாவதாக ஒருவர் எழுதினார்: 'பானைக்குள் என்ன?' கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க அதே கேள்விதான். பானைக்குள் என்ன? பானைக்குள் என்ன? குரு பளிங்கைத் தூக்கிக் காட்டினார். மந்திரம் சொன்னார். கேள்வி நிற்கவில்லை. கடைசியில் மேகங்களை மட்டும் விட்டுவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

யூலியென்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அது சரி அண்ணே, பானைக்குள்ள என்னதான் இருக்கு?"

ஜின்ஃபா மூடியைத் திறந்தார். பாவ்ஜூ போட்ட மீன் உருண்டைதான். ஆளுக்கு இரண்டாகத் தின்றார்கள்.

யூலியென் இரண்டாவது உருண்டையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு தன் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். போன மாதம் மகனின் விவாகரத்தைப் பற்றிக் குரு சொல்லி, அவளை அழவிட்டு, இரண்டு பளிங்கு விற்றிருந்தார். "நான்தான் எழுதியிருக்கேன்... தேதி போட்டு எழுதியிருக்கேன்" என்று முனகினாள். அன்று பிற்பகல் ஷின்யிங் சந்தையில் பன்னிரண்டு பெண்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு, உலக உருண்டையைத் தேடித் தேடி, வெளியார் பார்க்க முடியாதபடி மாற்றினார்கள். பாவ்ஜூ முதலில் மருத்துவமனைக்குப் போன் செய்தாள், உருண்டையைப் பிறகுதான் மாற்றினாள்.

வியாழக்கிழமை அவளே ஸ்கூட்டர் ஓட்டினாள். அறுவை அறைக்கு வெளியே இருபது நாற்காலிகளில் அவள் ஒருத்திதான். அக்காவை நினைத்துக்கொண்டாள். பயம் போகவில்லை. இருந்தும் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் ஜின்ஃபா கண்ணில் கட்டோடு வந்தார். "உள்ள ஒரு பேயும் இல்ல. ஏசி குளிருக்கு அதுங்களும் ஓடிப் போயிருக்கும்."

மூன்று வாரம் கழித்து இருவரும் வாத்துக்கறிக் கடைக்குப் போனார்கள். பரிமாறுகிறவன் வழக்கம்போலக் குனிந்தான். "அம்மா, செக்-இன் போடுங்க. உலக உருண்டை வச்சுப் போட்டா கடற்பாசி இலவசம்."

"கடற்பாசி என்ன விலை?"

"நாற்பது."

"ஒரு தட்டு காசுக்கே கொடு."

ஜின்ஃபா வலது கண்ணால் அவளை நன்றாக ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

குரு என்ன ஆனார் என்றுதானே கேட்கிறீர்கள்? சௌக்கியமாக இருக்கிறார். பெயரை மாற்றி, தெய்வக்காது குரு என்று புதுப் பக்கம் திறந்திருக்கிறார். பின்னால் அதே மேகம். நேற்று நாலாயிரம் பேர் பார்த்தார்கள், முந்தின நாளே பெயரை எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். உங்கள் பக்கத்திலும் அந்த உலக உருண்டை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மூட வேண்டிய பக்கத்தைத் திறந்து போட்டுவிட்டு, திறக்க வேண்டிய மூளையை மூடி வைத்திருந்தால், பானைக்குள் என்ன என்று கேட்க ஊருக்கு ஒரு ஜின்ஃபா கிடைப்பாரா?