கடற்கரையில் செய்யவேண்டிய இருபத்தொரு காரியங்கள்

ஒருவர் கடல் பார்க்கப் போகிறேன் என்றால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கடல் இருக்கிறது, கண் இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறார். ஆனால் பார்க்கப் போகிறவர் ஜெர்மனியில் அகதிப் பயணப் புத்தகம் வைத்திருப்பவராகவும், கடல் இங்கிலாந்தில் இருப்பதாகவும் அமைந்துவிட்டால் விஷயம் அவ்வளவு லேசில்லை. விசாப் படிவத்தின் பதினான்காம் கேள்வி, "அங்கு என்ன செய்ய உத்தேசித்துள்ளீர்கள்? நாள்வாரியாக விவரிக்கவும்" என்று கேட்கிறது. விடைக்கு ஒன்றரை அங்குல இடமும், போதாவிட்டால் தனித்தாள் இணைக்கும் உரிமையும் வழங்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு செப்டம்பர் மாதம், வால்டோர்ஃபுக்குப் பக்கத்து ஊரில், பாண் சுடும் தொழிற்சாலையில் மா குழைக்கும் தங்கராசா இந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உண்மையான விடை இரண்டே சொல்: அக்காவைப் பார்க்க. கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குள்ளால் வாழைப்பழப் பையைத் தள்ளி, "போய்ச் சேர்ந்த உடனை கடிதம் போடு" என்று சொன்ன ஜெயமலர் அக்காவை அவர் பார்த்துப் பதினெட்டு வருடம். அக்கா இப்போது இங்கிலாந்துக் கரையோரம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறா. ஊரின் பெயர் வேண்டாம். நகரசபைக்காரர் மனம் நோவார்கள். போன மாசியில் அக்காவுக்கு நெஞ்சில் ஒப்பரேசன் நடந்தது. இப்போது எழும்பி நன்றாகத்தான் நடமாடுகிறா. ஆனாலும் பார்க்காமலே போய்விடுமோ என்ற பயம் தங்கராசாவைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா எண்டு எழுதிப்போட்டியோ?" என்று பதறினார் முருகேசு அண்ணை.

முருகேசு அண்ணை படிவ விற்பன்னர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழர் யார் எந்த அலுவலகத்துக்கு என்ன Antrag, அதாவது விண்ணப்பம், போட்டாலும் அது அவர் கைபட்டுத்தான் போகும். அவருடைய சொந்தக் குடியுரிமை விண்ணப்பம் ஒன்பது வருடமாக ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. அதை வைத்து அவருடைய புலமையை யாரும் குறைத்து மதிப்பிட்டதில்லை.

"இன்னும் எழுதேல்லை அண்ணை."

"நல்ல காலம். சொந்தம் பாக்கப் போறவன் திரும்பி வரமாட்டான் எண்டது அவங்கட சித்தாந்தம். உல்லாசப் பயணி எண்டு போடு. உல்லாசப் பயணிக்கு அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை."

"அப்ப அங்கை எனக்கு என்ன அலுவல்?"

"அதைத்தான் இப்ப நாங்கள் உண்டாக்க வேணும்."

'உறவினர்' என்ற கட்டத்துக்குள் 'எவருமிலர்' என்று அண்ணை எழுதினார். தங்கராசா வேறெங்கோ பார்த்துக்கொண்டு கையொப்பமிட்டார். நாற்பத்தெட்டு வருடப் பாசம் ஒரு பேனைக் கீறலில் சட்டப்படி முடிவுக்கு வந்தது.

அலுவல் உண்டாக்கும் பொறுப்பு மகள் கவிசாவிடம் வந்தது. பதினேழு வயதுக்காரி, இணையத்தில் தேடி அந்த ஊர் நகரசபையே வெளியிட்ட பட்டியலை அச்சடித்துக்கொண்டு வந்தாள். 'எங்கள் ஊரில் செய்யவேண்டிய இருபத்தொரு காரியங்கள்.'

"முதலாவது, கடலுக்குள்ளை போற பாலத்தில நடக்கிறது."

"பாலம் எங்கை போகுது?"

"எங்கையும் போகாது அப்பா. கொஞ்சத் தூரத்தில முடிஞ்சிடும்."

"பேந்து?"

"திரும்பி வரவேணும். ரெண்டாவது, கதிரையை வாடகைக்கு எடுத்து இருந்து கடலைப் பாக்கிறது."

"மணலில இருந்து பாத்தால்?"

"அது பட்டியல்ல இல்லை. மூண்டாவது, கழுதைச் சவாரி."

தங்கராசாவுக்கு நாற்பத்தெட்டு வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ. அவர் முருகேசு அண்ணையைப் பார்த்தார். அண்ணையின் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு பூரணமான ஆவணத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

"கழுதையை மூண்டாம் நாள் போடு," என்றார். "வந்திறங்கின உடனை கழுதையில ஏறினால் சந்தேகப்படுவாங்கள்."

உல்லாசப் பயணம் என்றால் அந்தப் பக்கத்தில் ஒருவரைக் கேட்காமல் செய்ய முடியாது. கீழ்வீட்டில் இருந்த கோவிந்தராஜன் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். பதினாலு மாதத்தில் பதினொரு நாடுகளை முடித்தவர். பார்த்தவர் என்று சொல்ல முடியாது. முடித்தவர்.

"சார், ஒரு ஸ்பாட்ல இருபது நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாது," என்றார் அவர். "போட்டோ எடுத்தாச்சுன்னா கவர் பண்ணியாச்சு. அடுத்தது போயிட்டே இருக்கணும். வெனிஸை நான் ஒன்றரை மணி நேரத்துல கவர் பண்ணேன்."

"எப்படி இருந்தது?"

"போட்டோ இன்னும் பாக்கல சார்."

அவர் தன் மடிக்கணினியில் கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். காலை ஒன்பது முதல் ஒன்பது இருபது வரை பாலம். ஒன்பது இருபது முதல் ஒன்பது நாற்பது வரை கடற்காற்று. மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் உண்ணல், பறவைகளிடமிருந்து அதைக் காத்தல், தலா இருபது நிமிடம்.

அதன் பிறகு ஜெர்மன் அலுவலகம். விசா கேட்பவர் ஜெர்மனிக்குத் திரும்பி வரலாம் என்பதற்கு அங்கே ஒரு கடிதம் வாங்க வேண்டும். விசாவைக் காட்டினால்தான் கடிதம் என்றார்கள் அங்கே. கடிதத்தைக் காட்டினால்தான் விசா என்றார்கள் பிரிட்டிஷ் விசா அலுவலகத்தில். Termin என்கிற முன்பதிவு நேரம் நான்கு எடுத்து நான்கு முறை போன பிறகு, 'இவருக்கு அக்கடிதம் மறுக்கப்படவில்லை' என்று ஒரு கடிதம் தந்தார்கள். முருகேசு அண்ணை அதை ஒளிநகல் எடுத்துத் தன் கோப்பிலும் வைத்துக்கொண்டார்.

ஒக்டோபரில் அந்த விசா அலுவலகத்தில் நேர்முகம். கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஆங்கிலேயர், சாந்தமான மனிதர். இருவருக்கும் சொந்தமில்லாத ஜெர்மன் மொழியில் உரையாடல் நடைபெற்றது. அதிகாரி அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தார்.

"மூன்றாம் நாள், பத்து மணி, கழுதைச் சவாரி. நீங்கள் போவது நவம்பரில். அப்போது கழுதைகள் வேலை செய்வதில்லை. செப்டம்பரோடு அவற்றுக்கு விடுமுறை."

"அப்படியென்றால் சும்மா பார்ப்பேன்."

"வாடகைக் கதிரைகளையும் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்."

"நின்று பார்ப்பேன்."

"மழை பெய்யும்."

"குடை இருக்கிறது."

"அந்தக் காற்றில் குடை நிற்காது."

"நனைவேன்," என்றார் தங்கராசா உறுதியாக.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "ஐயா, நான் அந்த ஊரில் பிறந்தவன். பத்தொன்பது வயதுவரை அங்கே இருந்தேன். இந்த இருபத்தொன்றில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. ஊர்க்காரர் யாரும் செய்து கண்டதுமில்லை. அங்கே கிடைக்கும் சந்தோஷம் ஒரு பின்னேரத்துக்கே போதாது. நீங்கள் ஏழு நாளுக்கு நிரப்பியிருக்கிறீர்கள். வேறு நோக்கம் இல்லாமல் நவம்பரில் அங்கே எந்த மனிதனும் போகமாட்டான்."

தங்கராசாவால் அதற்கு மேல் உல்லாசப் பயணியாக இருக்க முடியவில்லை. "அங்கே என் அக்கா இருக்கிறா," என்றார். சொன்னதும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேசையிலிருந்த கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அதிகாரி சிறிய துவாரத்தால் தள்ளிவிட்டார்.

"அப்படிச் சொல்லுங்கள். நான்கூட அம்மா இருப்பதால்தான் போகிறேன். முதலிலேயே அக்கா என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் தந்திருப்பேன்." பிறகு பக்கத்தைப் புரட்டினார். "ஆனால் உறவினர் எவருமிலர் என்று கையொப்பமிட்டிருக்கிறீர்களே."

தங்கராசா பெட்டியிலிருந்து ஒரு கைக்குட்டையை இழுத்தெடுத்தார்.

"அக்காவுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?"

"பிரிட்டிஷ்."

"பயணம் செய்ய முடியாத உடல்நிலையோ?"

"இல்லை. ஓகஸ்டில் ஸ்பெயின் போய் வந்தார்கள்."

"ஜெர்மனிக்கு வர அவருக்கு விசா வேண்டாம். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அவர் ஏன் உங்களைப் பார்க்க வரவில்லை?"

படிவத்தின் நாற்பத்தாறு கேள்விகளிலும் இல்லாத கேள்வி இது. முருகேசு அண்ணை இதற்குப் பயிற்சி கொடுக்கவில்லை. தங்கராசா உண்மையைச் சொன்னார். ஐந்து வருடத்துக்கு முன் கவிசாவின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்புனித நீராட்டு விழாவுக்கு, அவர் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார், கார்டும் அனுப்பினார். ஆனால் அந்த நேரம் குளித்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர், அத்தானுக்குத் தனியாகச் சொல்லவில்லை. ஆகையால் அத்தான் வரவில்லை, அக்காவையும் விடவில்லை. இளையவன் முதலில் வந்து முகம் கொடுத்தால்தான் மூத்தவர்கள் வரலாம் என்பது அத்தானின் வாதம்.

அதிகாரி இதை எழுதிக்கொண்டார். குளித்துக்கொண்டிருந்தார் என்பதையும் எழுதினார். மூன்று கிழமையில் பதில் வந்தது. 'இக்குடும்பத்தினர் ஜெர்மனியில் சந்திப்பதற்கு இவ்வலுவலகம் அறிந்தவரை எந்தத் தடையும் இல்லாதபடியால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

அன்று பின்னேரமே தங்கராசா மானத்தை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, எனக்கு விசா தரமாட்டாங்களாம். நீங்கள் ஒருக்கா வாங்கோவன்."

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அக்கா அழுகிறா என்று தெரிந்தது. "எனக்கு வர ஆசை இல்லாமலோ தம்பி? அத்தானைக் கேக்கோணும். நில், குடுக்கிறன்."

இந்த முறை பிழை விடக்கூடாது என்று தங்கராசா அத்தானுக்குத் தனியாக, முறையாக, அன்பாகச் சொன்னார். அத்தான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி, வாறதைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லை," என்றார். "ஆனால் போனில சொல்லித்தானே போன முறை பிழைச்சது. இந்த முறை நேரில வந்து கூப்பிடும். அடுத்த பிளேனில நாங்கள் நிப்பம்."

தங்கராசா தொலைபேசியை வைத்துவிட்டுக் குதித்தார். "இவரெல்லாம் ஒரு மனிசனே! ஒண்டரை மணித்தியாலம். விசா இல்லை, விசாரணை இல்லை. வந்து இறங்கிறதுக்கு என்ன கேடு? ஒரு வயித்தில பிறந்ததுகள் பாக்கிறதுக்கு என்ன முறையும் வரிசையும்!"

அவர் ஆறும் வரை காத்திருந்த மனைவி வேதவல்லி, தேத்தண்ணீரை முன்னால் வைத்தாள்.

"ஓமப்பா, நீங்கள் சொல்லுறது சரி. என்ரை கூடப்பிறந்த புவனேந்திரன் அண்ணையும் கார்ல்ஸ்ரூஹேயில வீடு வாங்கி நாலு வருசமாகுது. வீடு குடிபூரலுக்கு அவர் உங்களுக்கு நேர சொல்லாமல் ஆளிட்டைச் சொல்லி விட்டதெண்டு நாங்கள் இன்னும் அந்தப் படி மிதிக்கேல்லை. அரை மணித்தியால ரயில்தானே? வாற ஞாயிறு ஒருக்காப் போட்டு வருவமே?"

தங்கராசா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபத்தில் சிவந்திருந்த முகத்தில் ஒரு நிதானம் வந்தது.

"அவர் முதல்ல இஞ்சை வரட்டும்," என்றார். "அவருக்கென்ன, விசாவோ வேணும்?"