பிறவியிலேயே கிழிந்த ஷூ

மனிதனுக்கு இரண்டு கால்கள் உண்டு என்பதை எங்கள் கம்பெனி கொள்கையளவில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் கால்களுக்குப் பாதுகாப்பு ஷூ கொடுக்க வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கொடுத்த ஷூ ஒருநாள் கிழியும் என்பதை மட்டும்தான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் கம்பெனி என்றதும் நெய்வேலி என்றால் நினைவுக்கு வரும் பெரிய கம்பெனியை நினைத்துவிடாதீர்கள். நாங்கள் வெறும் கான்ட்ராக்ட். நிலமங்கை கன்வேயர் பராமரிப்பு என்று பெயர். பெல்ட்டில் ஓடும் நிலக்கரி வழியில் கீழே கொட்டிவிடும். அதை அள்ளி மறுபடியும் பெல்ட்டில் போடுவது எங்கள் ஆட்களின் வேலை. அள்ளினார்கள் என்று டைப் அடிப்பது என் வேலை. ஷிப்டுக்கு வருகிறவர்கள் எங்கள் யார்டு கேட்டில் வரிசையாக நின்று, காலைக் காட்டிவிட்டு உள்ளே போய் வேனில் ஏற வேண்டும். முகத்தை யாரும் பார்ப்பதில்லை. செக்யூரிட்டி சிலம்பரசனை வடலூர் சந்தையில் பார்த்தால்கூட முதலில் நம் காலைப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வான்.

பாவாடை என்று ஒருவர். குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். அவருடைய வலது ஷூவின் முனை பிளந்து பெருவிரல் வெளியே வந்துவிட்டது. முனைக்குள் இருக்க வேண்டிய இரும்புத் தகடு எப்போதோ கழன்று சுரங்கத்தில் விழுந்துவிட்டது. அங்கே அது பாதுகாப்பாக இருக்கும். விரல் மேல் ஒரு நிலக்கரிக் கட்டி விழுந்து நகம் பெயர்ந்து, துணி சுற்றிக்கொண்டு வந்தபோதுதான் சிலம்பரசன் கையை நீட்டி மறித்தான்.

“அண்ணே, கிழிஞ்ச ஷூவோட உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர்.”

“கம்பெனி குடுத்த ஷூதானப்பா. வேற குடுக்கச் சொல்லு.”

“வேற வேணும்னா ஸ்டோர்ல நேர்ல போய்க் கேக்கணும்.”

“ஸ்டோர் எங்க இருக்குது?”

“உள்ளதான்.”

“அப்ப உள்ள வுடு.”

“கிழிஞ்ச ஷூவோடவா?”

பாவாடை யோசித்துப் பார்த்தார். சிலம்பரசன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. கடையில் புது ஷூ வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கம்பெனி முத்திரை இல்லாத ஷூ, எங்கள் விதிப்படி, ஷூவே அல்ல. அதைப் போட்டு வருகிறவர் வெறுங்காலில் வருகிறவர். இப்படியே கேட்டோடு திரும்பிக்கொண்டிருந்தால் வராதவர் என்று எழுதி கேட் பாஸை ரத்து செய்துவிடுவார்கள். கேட் பாஸ் இல்லாத கான்ட்ராக்ட் ஆள் நெய்வேலியில் என்ன ஆவார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் பாவாடையை மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் ஆனந்த்ராஜின் ஆபீஸ், நல்லவேளையாக, கேட்டுக்கு வெளியே இருந்தது. அவர் அறையில் பாதுகாப்பு வாசகம் ஒன்றுகூட இருக்காது. நான்கு சுவரிலும் ஷூ படம். எல்லாம் ஒரே ஷூ. டோர்வெல் முப்பத்திரண்டு என்று பெயர். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் பிறந்த கான்வாஸ் ஷூ. நம் பிள்ளைகள் பி.டி. பீரியடுக்குப் போட்டுப் போவதைப் போலவே இருக்கும். அப்படிச் சொன்னால் மேனேஜர் அன்று முழுவதும் பேசமாட்டார்.

“ஸார், ஷூ கிழிஞ்சிடுச்சுங்க. வெரல்ல அடிபட்டுகினு...” என்று ஆரம்பித்த பாவாடை, காலைத் தூக்கிக் காட்டினார்.

மேனேஜர் எழுந்து வந்தார். தரையில் மண்டியிட்டார். பதினைந்து வருடமாக நான் வேலை பார்க்கிறேன், ஒரு கான்ட்ராக்ட் ஆளின் காலடியில் மேனேஜர் மண்டியிட்டு நான் பார்த்ததில்லை. பாவாடை பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“அசையாதீங்க! இந்த ஓட்டை எப்படி வந்துச்சு?”

“தானா வந்துச்சுங்க.”

“தானா!” மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஃபேக்டரியில இதுக்குன்னே தனியா ஆள் வெச்சுக் கையால வெட்டறாங்க. தெரியுமா உங்களுக்கு?”

பிறகு எங்கள் இருவருக்கும் டோர்வெல்லின் வரலாறு சொல்லப்பட்டது. முப்பத்திரண்டாம் வருடம் மூட்டை தூக்கும் கூலி ஒருவன், கம்பெனி கொடுத்த ஷூ விரலைக் கடித்ததால் முனையைக் கத்தியால் வெட்டிக்கொண்டான். ஷூ செய்த முதலாளி அதைப் பார்த்தார். அவனுக்குக் கொஞ்சம் பெரிய ஷூ கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் தொலைநோக்கு உள்ளவர். எல்லா ஷூவையும் வெட்டிவிட்டார். சைக்கிள் டயர் மிச்சத்தில் செய்ததால் அடியில் வளைவு வளைவாக வரிகள். குதிகாலில் நீலப்பட்டை, சேறு தெரியாமல் இருக்க. கூலிகள் போட்டதைப் பார்த்துப் பாட்டுக்காரர்கள் போட்டார்கள். அவர்களைப் பார்த்துக் காலேஜ் பிள்ளைகள் போட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்து அப்பாக்கள் போட்டதும் பிள்ளைகள் கழற்றிவிட்டார்கள். காசு அப்பாக்களிடம்தான் இருக்கிறது என்பதால் டோர்வெல் அதற்காக வருத்தப்படவில்லை.

“ஏழைங்களுக்காக டிசைன் பண்ணது. அதனாலதான் இந்த விலை” என்று முடித்தார் மேனேஜர். விலையை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாவாடை கும்பிடு போட்டுவிட்டு ஓடியிருப்பார்.

பாவாடைக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது.

“அந்த ஆளுக்கு வேற ஷூ குடுத்தாங்களா ஸார்?”

“எந்த ஆளு?”

“மூட்ட தூக்கனவரு.”

“அது வரலாற்றுல இல்ல” என்றார் மேனேஜர். பாவாடையின் விரலை நான்கு கோணத்தில் படம் பிடித்து, ஸ்னீக்கர் பிரியர்கள் வாட்ஸப் குழுவில் போட்டார். இப்படி ஒரு ஓட்டையை மாற்றிக் கொடுப்பது கலைக்குச் செய்யும் துரோகம், தன் கையால் அதைச் செய்ய மாட்டேன் என்று உருக்கமாக மறுத்துவிட்டார். வெளியே வந்ததும் பாவாடை என்னைக் கேட்டார்: “குடுப்பாருங்களா, மாட்டாருங்களா?” பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். ஆபீஸில் இருக்கிறவர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் மேனேஜருக்கு டோர்வெல் பார்சல் வந்தது. போட்டுக்கொண்டு யார்டு மீட்டிங்குக்குப் புறப்பட்டார். மீட்டிங் ஹாலுக்கு மட்டும் போகிறவர்களுக்குப் பாதுகாப்பு ஷூ கட்டாயமில்லை. அங்கே காலில் விழக்கூடியது வடை மட்டும்தான். ஆனால் சிலம்பரசன் வழக்கம்போலக் குனிந்து பார்த்தான். வலது ஷூவில் ஓட்டை. உள்ளே ஒரு வெள்ளை சாக்ஸ் எட்டிப் பார்த்தது.

“கிழிஞ்சிருக்குங்க ஸார்.”

“கிழியல. வாங்கும்போதே அப்படித்தான்.”

“வாங்கும்போதே கிழிஞ்சத ஏன் ஸார் வாங்குனீங்க?”

இந்தக் கேள்விக்கு மேனேஜர் மறுநாள் சுற்றறிக்கையில் பதில் சொன்னார். நான்தான் டைப் அடித்தேன். ‘கிழிந்த காலணி எனப்படுவது, அணிபவரால் கிழிக்கப்பட்ட காலணியை மட்டுமே குறிக்கும். வழங்கப்படும்போதே கிழிந்திருந்த காலணி முழுமையான காலணியாகக் கருதப்பட்டு அனுமதிக்கப்படும். உரிய சான்று அவசியம்.’

அதைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதுவரை தினமும் கேட்டோடு திரும்பிக்கொண்டிருந்த பாவாடை வெளியே நிற்க, நானே உள்ளே போய், ‘இந்த ஷூ கொடுக்கும்போதே கிழிந்திருந்தது’ என்று ஸ்டோர்காரரிடம் எழுதி வாங்கி வந்தேன். அவர் கூச்சப்படவே இல்லை. “எல்லாமே அப்படித்தானே” என்று கையெழுத்துப் போட்டார். பாவாடை அந்தச் சான்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வெளியே தெரியும் விரலோடு, முழுமையான காலணி அணிந்தவராக உள்ளே போனார். நான் பெரிய சாதனை செய்துவிட்டதாக நினைத்து அன்று இரண்டு டீ குடித்தேன்.

சாதனையின் பலன் அடுத்த கொள்முதலில் தெரிந்தது. கிழிந்த ஷூ முழுமையான ஷூ என்று கம்பெனியே சொல்லிவிட்ட பிறகு, முழு ஷூவுக்கு எதற்கு அதிக விலை கொடுக்க வேண்டும்? முனையில் ஓட்டை போட்ட, தகடு இல்லாத பாதுகாப்பு ஷூ வந்து இறங்கியது. குதிகாலில் நீலப்பட்டை. எங்கள் ஆட்கள் முதல் நாள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் நாள் மேனேஜர் காலிலும் இதே ஓட்டைதான் என்று தெரிந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள். மூன்றாம் நாள் செல்ஃபி எடுத்தார்கள். ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் தரவில்லை என்று நானும் சண்டை போட்டு ஒரு ஜோடி வாங்கினேன்.

தயாரிப்புக் குறைபாடு காரணமாக ஒரே ஒரு ஜோடி மட்டும் ஓட்டை இல்லாமல் வந்திருந்தது. அது பாவாடைக்குப் போனது. மனிதர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் காலில் போட்டாராம். காலையில் வரிசையில் நின்றபோது அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டார். பெயர்ந்த நகம் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சிலம்பரசன் மறித்தான்.

“ஓட்டை எங்கண்ணே?”

“இல்லியேப்பா. நல்ல ஷூ.”

“நம்ம கம்பெனி ஷூவுல ஓட்டை இருக்கணுமே. வெளி ஷூவுக்கு அனுமதி இல்லண்ணே.”

“முத்திரையப் பாரு, இருக்குது!”

“முத்திரை இருக்கு, ஓட்டை இல்ல. டூப்ளிகேட்டா இருந்தா யார் பதில் சொல்றது?”

வேன் ஹாரன் அடித்தது. வரிசை பொறுமை இழந்தது. நம் ஷூவில் எதற்கு ஓட்டை என்று ஒருவரும் கேட்கவில்லை. உம்முடைய ஷூவில் மட்டும் ஏன் இல்லை என்றுதான் எல்லோரும் கத்தினோம். “வெட்டித் தொலைங்க, ஷிப்ட் போவுது!” என்றது ஒரு குரல். ஓடிப்போய் ஆபீஸிலிருந்து கட்டர் கத்தி கொண்டுவந்து கொடுத்தது நான்தான்.

பாவாடை தரையில் உட்கார்ந்தார். புது ஷூவை மடியில் வைத்து, முனையைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக வெட்டினார். காலில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, “இப்ப சரியாப்பா?” என்று கேட்டார்.

சிலம்பரசன் குனிந்து பார்த்தான்.

“இன்னும் கொஞ்சம் வெட்டுங்கண்ணே. விரல் தெரியல.”